மெரனுக்கு வயது பதினாறு

பரிசுக்கா, என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.
அபர்டீனில் மழை. வரிசையில் எனக்குப் பின்னால் மூன்று பேர்.
அட்டையில் வெள்ளிக் கண்களோடு ஒரு சிறுமி,
அவள் உள்ளங்கையில் ஒரு சின்னப் புயல்.
எனக்கு ஐம்பத்திரண்டு.
வடகடலில் எண்ணெய் மேடையொன்றில் கிரேன் ஓட்டுகிறவன்.
மகளுக்கு, என்றேன்.
பெயர்?
மெரன்.
எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயர்.
பதினாறு வயது என்றும் சொன்னேன், கேட்காமலே.

ஊதாத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டித் தந்தாள்.
ஹெலிகாப்டரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
அறைத் துணைவன் டூகல் குறட்டை விடும்வரை காத்திருந்து
என் பரிசை நானே பிரித்தேன்,
தாள் சத்தம் போடாதபடி,
ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பி நெம்பி.

இந்தப் புத்தகங்களோடு எனக்குத் தகராறு உண்டு.
இரண்டாம் அத்தியாயத்துக்குள் பெற்றோரைக் கொன்றுவிடுகிறார்கள்.
கொல்ல மனம் வராவிட்டால் வெளிநாட்டுப் பயணம், கோமா.
வாடகை யார் கட்டுவது?
உலகை மீட்கக் கிளம்பும் பிள்ளைக்கு
மாற்று சாக்ஸ் எடுத்துவைக்க ஓர் ஆள் கிடையாது.
எப்போதும் இரண்டு பையன்கள்.
ஒருவன் சிரிப்பான், ஒருவன் சிரிக்கமாட்டான்.
சிரிக்காதவன்தான் என்று முப்பதாம் பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.
அவளுக்குத் தெரிய மூன்று பாகங்கள்.
எல்லாம் நிகழ்காலத்தில் வேறு:
ஓடுகிறேன். மூச்சு வாங்குகிறது. திரும்பிப் பார்க்கிறேன்.
நேற்று என்று ஒன்று அவர்களுக்கு இல்லை.
எனக்கோ நேற்றுதான் அதிகம்.

சில இரவுகளில் பாதியில் மூடிவைத்துத்
தாடியைத் தடவிக்கொள்வேன்,
பூங்காவில் யாருமில்லை என்று சிறுவர் ஊஞ்சலில் உட்கார்ந்து
எழமுடியாமல் மாட்டிக்கொண்டவனைப் போல.

பெரியவர்கள் நாவலும் ஒருமுறை கொண்டுபோனேன்,
விருது முத்திரை குத்தியது.
எடின்பரோவில் ஒரு பேராசிரியர்
மனைவியைப் பிரிவதா வேண்டாமா என்று
அடுப்படி ஜன்னலைப் பார்க்கிறார்.
நூற்றெண்பதாம் பக்கத்திலும் அதே ஜன்னல்.
உண்மைதான். ஒரு வரி பொய்யில்லை.
நானும் அப்படியொரு ஜன்னலை ஏழு வருடம் பார்த்தவன்.
அதைப் படிக்கவும் வேண்டுமா,
கண்ணாடிக் கூண்டில், அறுபது மீட்டர் உயரத்தில்,
பன்னிரண்டு மணி நேரம் சாம்பல் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்கியபின்?
வெள்ளிக் கண்காரி ஒன்பதாம் பக்கத்தில் கதவைத் திறந்துவிடுகிறாள்.
அவசரக்குடுக்கை, அறிவிருக்கிறதா உனக்கு என்று
திட்டிக்கொண்டே அவள் பின்னால் போகிறேன்.

பாகங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதாத் தாள்.
இஷ்பெல் (சட்டையில் பெயர் குத்தியிருந்தது)
மறக்காமல் மெரனை விசாரிப்பாள்.
மெரனுக்கு ஜலதோஷம்.
மெரன் வயலினை விட்டுவிட்டாள்.
மெரனுக்கு முடிவு பிடிக்கவில்லை,
அந்தச் சின்னத் தம்பியைச் சாகடித்திருக்க வேண்டாமாம்.
இதைச் சொல்கையில் என் குரல் கம்மிப்போனது.
இஷ்பெல் ரசீதை மெதுவாகக் கிழித்தாள்.

போன மார்ச்சில் கேட்டாள்:
இப்போது இருபது இருக்குமே அவளுக்கு?
கணக்குப் போட்டேன். இருக்கும்.
டண்டீயில் படிக்கிறாள், என்றேன். கடல் உயிரியல்.
அப்படியானால் இதையெல்லாம் விட்டிருப்பாளே.
விட்டுவிட்டாள், என்றேன்.
என் கையில் ஏழாம் பாகம்.
பின்னால் யாரோ குடையை உதறினார்கள்.
ஊதாத் தாளுக்கு நீண்ட கை
பாதியில் நின்று திரும்பியது.
சுற்றாமல் தந்தாள்.
ஐந்தாம் பாகத்துக்கு இது எவ்வளவோ மேல், என்றாள்.

ஹெலிகாப்டர் தளத்துக்குப் போகும் பேருந்தில்
எல்லோர் முன்னாலும் பிரித்தேன்.
டூகல் எட்டிப் பார்த்தான். சிரிப்பான் என்றிருந்தேன்.
ஆறை எங்கேடா ஒளித்தாய், என்றான்,
உன் மெத்தைக்கடியில் இரண்டு வாரமாய்த் தேடுகிறேன்.

மேலே போனபின் மேகம் மட்டும்தான்.
ஒன்பதாம் பக்கத்தில் கதவு திறந்தாயிற்று.
மனம் ஓடவில்லை.
டண்டீயில் இப்போது நல்ல குளிர்.
மாற்று சாக்ஸ் எடுத்துக்கொண்டு போனாளோ
என்னவோ அந்தப் பெண்.